கூட்டம் குறைந்த காரணம்

அழக் கூடாது. எங்கே வேண்டுமானாலும் போய் அழலாம், இவர்கள் முன்னால் மட்டும் கூடாது. தபாலம்மா தனக்குள் அதட்டிக்கொண்டாள். கண்தான் பேச்சைக் கேட்கவில்லை.

"பாருங்க, சந்தோஷத்துல தபாலம்மாவுக்கு வாயே அடைச்சுப்போச்சு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அந்த ஒற்றை அறைத் தபால் அலுவலகத்தில் இத்தனை பேர் சேர்ந்து நின்று அவள் பார்த்ததில்லை. மூடுவதாக இருந்த அலுவலகம் இனி மூடப்படாது என்று மேலதிகாரி காலையில் தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஆணையை முழுதாகப் படித்தும் காட்டினார். இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மூடவில்லை என்பதை மட்டும் மனு அக்காவுக்கும் யாரோ சொல்லியிருக்க, தெருவே திரண்டு வந்துவிட்டது.

மனு அக்கா பக்கத்துக் கடையில் தையல் மிஷின் மிதிப்பவள். தெருவிளக்கு எரியாவிட்டாலும் சாக்கடை அடைத்தாலும் உடனே ஒரு மனு எழுதிவிடுவாள்; பெயரே அப்படி ஆகிப்போனது. மூடப்போவதாகக் கதவில் அறிவிப்பு ஒட்டிய அன்று முதல் ஆளாக ஓடிவந்தவளும் அவள்தான். உடைந்துபோய் உட்கார்ந்திருந்த தபாலம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்து, "நான் செத்தா போயிட்டேன்? விடு, பார்த்துக்கறேன்" என்றாள்.

தபாலம்மாவுக்கு அது வெறும் சம்பளப் பிரச்சினை அல்ல. வீடு இரண்டு சந்து தள்ளித்தான். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவரை மதியம் ஓடிப்போய்ப் புரட்டிப் போட்டு, சாப்பாடு ஊட்டிவிட்டு ஓடிவருவாள். இங்கே பூட்டிவிட்டு அவளைக் கண்காணாத ஊருக்குத் தூக்கியடித்தால் அந்த மனிதரை யார் பார்ப்பார்கள்?

மனு அக்கா அதிகாரி, மேலதிகாரி, அமைச்சர் என்று ஒருவரையும் விடாமல் எழுதினாள். தெருவே கையெழுத்துப் போட்டது. தபாலம்மாவுக்கு மட்டும் எதையும் காட்டவில்லை. நீ உள்ளே வேலை பார்ப்பவள், நீயே தூண்டிவிட்டு எழுத வைத்தாய் என்று நாளைக்கு உன்மேல் பழி வரக் கூடாது என்று விளக்கம் சொன்னாள். கூடப்பிறந்தவளுக்குக்கூட இவ்வளவு அக்கறை இருக்காது என்று அன்று தபாலம்மா நெகிழ்ந்து போனாள்.

ஒட்டிய உறைகள் ஜன்னல் வழியே வந்தன. ஒவ்வொன்றின் மேலும் தேதி முத்திரையை அழுத்திக் குத்தி அவள்தான் பையில் போட்டாள். போடும் முன்பு, தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல உறையை ஒரு தட்டுத் தட்டுவாள்.

இப்போது இழுப்பறையிலிருந்து தன் சீப்பையும் தம்ளரையும் எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தாள்.

பெரிய அதிகாரி பார்வையிட வருவார் என்று இப்போதே ஒழுங்கு செய்கிறாள் பார் என்று சிரித்தார் ஓய்வூதியப் பெரியவர். கை நடுங்கும் அவருக்கு மாதாமாதம் படிவம் நிரப்பித் தருவது அவள்தான். அடுத்து அவர் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். மருந்துப் பெட்டி அத்தனையும் தனியார் வண்டியில் வரவழைக்கிற ஆள் தபாலைக் காப்பாற்றக் கையெழுத்துப் போட்டதுதான் உலக அதிசயம் என்றார்.

"மருந்து அவசரம் பெரியவரே. கையெழுத்துக்கு என்ன, சும்மா கிடக்கற கைதானே" என்று அவர் தலையைச் சொறிந்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் பெரியவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கூட்டமே இல்லாத அலுவலகத்தை எதற்கு நடத்த வேண்டும் என்று அதிகாரிகள் திருப்பிக் கேட்டிருந்தார்களே, அதற்கு என்னதான் பதில் எழுதினாய் என்று மனு அக்காவைக் கேட்டார்.

"கையெழுத்துப் போடறப்ப ஒருத்தரும் படிக்கலை, இப்ப வந்து கேளுங்க" என்றாள் மனு அக்கா. "கூட்டம் ஏன் கொறைஞ்சதுன்னு ஒரு காரணம் சொல்லணுமில்ல? சொன்னேன். வாயை மூடிக்கிட்டாங்க." சொல்லும்போது அவள் மேசைப் பக்கம் பார்க்கவில்லை.

என்ன காரணம் என்று பெரியவர் விடாமல் கேட்க, அதெல்லாம் எழுதுகிறவர்களின் சூட்சுமம் என்று மழுப்பிவிட்டு, ரவிக்கைத் துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு தாளை உருவினாள். அதிகாரிக்கு நன்றிக் கடிதம். தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அடியில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இங்க வேலை பார்க்கறவளும் போட்டாத்தான் எடுப்பா இருக்கும். இந்தா, போடு" என்று பேனாவைத் திறந்து நீட்டினாள்.

தபாலம்மா பேனாவை வாங்கினாள். அதை மூடி, மனு அக்காவின் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தாள்.

"ஆளை மாத்தினா கூட்டம் தானா வரும்னு எழுதினீங்களே, அந்தப் புது ஆள்கிட்ட வாங்கிக்கங்கக்கா."