மாமனார் பெயர்

"நோயாளியின் பெயரைச் சொல்லுங்கள்," என்றது பெட்டி, மறுபடியும்.

புருலாய் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கிடந்தார். முகமெல்லாம் வேர்வை. அவர் மகனோ மேய்ச்சல் மலையில் ஆடுகளோடு இருந்தான்.

"அத்தை, நீங்களாவது சொல்லுங்களேன்!"

"நானா? கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து புருஷன் பேர வாயில எடுத்ததில்லடி! நீ சொல்லு."

"மருமக மாமனார் பேரச் சொன்னா ஊரு சும்மா விடுமா அத்தை?"

மலைக்கு இந்தப் பக்கம் போனில் சிக்னல் கிடைக்காது. அதற்காகத்தான் போன வாரம் நர்ஸ் பெர்மெத் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து, மாமனார் கையில் பட்டையைக் கட்டிவிட்டுப் போனாள். பெயரைச் சொன்னால் போதும், நாரின் நகரத்து டாக்டர் பெட்டிக்குள்ளிருந்தே பேசுவார்.

அன்றைக்கு மாமனார், "பொம்பளைங்க எல்லாம் வெளிய போங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியில் பெயரைப் பதிவு செய்தார். அப்புறம், "ஆம்பளைக்கு எதுக்கு வளையல்?" என்று பட்டையைத் திட்டித் தீர்த்தார். ஆனால் தங்கமான மனுஷர். கல்யாணமான புதிதில் பிறந்த வீட்டை நினைத்து அழுத மருமகளைத் தன் வெள்ளைக் குதிரையில் ஏற்றி, தாயிடம் கூட்டிப்போய்க் காட்டியவர். அன்றிலிருந்து புருலாய்க்கு அவர் வெள்ளைக் குதிரை மாமா.

அத்தை பெட்டியிடம் குனிந்தாள். "எங்க வீட்டுப் பெரியவருப்பா."

"அப்படி ஒரு நோயாளி இல்லை."

"ஆளுதான் கண்ணு முன்னாடி கிடக்குறாரே, குருட்டுப் பெட்டி! பேரு என்ன பேரு!"

மாமனார் முனகினார். உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. புருலாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"போனாப் போகுது மானம்! எசென்பாய்! எசென்பாய்!"

அத்தை காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்படி ஒரு நோயாளி இல்லை," என்றது பெட்டி.

அவ்வளவுதான், புருலாய் உடைந்துபோனாள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "வெள்ளக் குதிர மாமா! எங்கள விட்டுட்டுப் போயிடாதீங்க!"

"பெயர் சரி. டாக்டரை அழைக்கிறேன்."

டாக்டர் குரல் கேட்டது. பெர்மெத் கொடுத்துவிட்டுப் போயிருந்த மாத்திரைகளில் அவர் சொன்னதை நாக்குக்கு அடியில் வைத்ததும் மாமனாருக்கு மெல்ல மூச்சு சீரானது. வண்டி கிளம்பிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் போட ஓடினாள்.

"அந்தப் பேரையா மாமா பெட்டிக்குக் குடுத்தீங்க?"

"பின்ன? ஆபத்துன்னா நீதானே மகளே கூப்பிடுவ. உன்னால என் பேரச் சொல்ல முடியாதேன்னு அதக் குடுத்தேன்." கிழவர் கண்ணைச் சிமிட்டினார். "நீ என்னடான்னா, மலையே அதிர்ற மாதிரி ரெண்டு தடவ சொல்லிட்டியே!"