நாற்பது புகைச் சீட்டு

இந்தக் காலத்து மனுசங்களுக்குக் கொழுப்பு கூடித்தான் போச்சு. தண்ணியைக் காசு குடுத்து வாங்கினார்கள், சரி, தாகம். இப்போது புகையையும் விலைக்குக் கேட்கிறார்கள்!

இப்படி முனகிக்கொண்டே பெத்தணன் மடியில் மிச்சம் இருந்த நாற்பது சீட்டையும் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். விஸ்வநத்தம் பட்டாசுச் சங்கத்து ஆபீசில், அவருக்கு எதிர் நாற்காலியில் மெகருன்னிசா உட்கார்ந்திருந்தாள். சிவகாசியில் பாதிக் கம்பெனிக்கு லேபிள் அடித்துக் கொடுக்கிற அச்சாபீஸ்காரி.

“நாப்பதையும் எனக்கே குடுத்துருங்க அண்ணாச்சி.”

“ஒனக்கு எதுக்குத் தாயி? நீ லேபிள்தான அடிக்கிற, வெடியா போடுற?”

சீட்டு என்பது சங்கம் புதுசாகக் கொண்டுவந்த ஏற்பாடு. ஆளாளுக்குப் பொட்டலில் சோதனை வெடி வெடித்து ஊரே புகைக்குள் கிடந்ததால், தீபாவளி வரைக்கும் மொத்தம் இத்தனை சோதனைதான் என்று வரம்பு கட்டி, கம்பெனிக்கு இத்தனை என்று சீட்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் வைத்தவன் வேண்டியவனுக்கு விற்கலாம். சீட்டு இல்லாதவன் பொட்டலுக்குள் கால் வைக்கக் கூடாது.

பெத்தணன் நாலு ரூம் வைத்த சின்னக் கம்பெனிக்காரர். அதே பழைய பூச்சட்டி, அதே சாட்டை. சோதிக்க ஒன்றும் கிடையாது. முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு நாள் கொளுத்திப் பார்ப்பவர், சீட்டு கைக்கு வந்ததில் இருந்து தினமும் சாயங்காலம் தானே போய் நின்று கொளுத்தினார். சும்மா வைத்திருந்தால் செல்லாது என்று சொல்லிவிடுவான்கள் என்கிற பயம்தான். கூடவே ஓர் இருமலும் வந்து ஒட்டிக்கொண்டது.

“யாருக்காக வாங்குற? அதை மொதல்ல சொல்லு.”

“வேண்டப்பட்டவுகளுக்கு.”

பெத்தணனுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. ராஜபாண்டியன்! புதுசாக நூறு ஷாட் வாணம் போட்டு, இவருடைய ஆந்திரா ஆர்டரைத் தட்டப் பார்க்கிறவன். சோதிக்கச் சீட்டு பத்தாமல் அலைகிறான் என்று கேள்வி. இந்த நாற்பதும் அவன் கைக்குப் போனால், இருக்கிற ஒரே ஆர்டரும் போச்சு.

கேட்டுவிட வாயைத் திறந்தார். இருமல் முந்திக்கொண்டது. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

“மொதல்ல மாத்திரையைப் போடுங்க. மேல்பையிலதான இருக்கு” என்று மெகருன்னிசா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

போட்டுக்கொண்டார். மூச்சு திரும்பியதும் சண்டையும் திரும்பியது.

“ராஜபாண்டியன் அனுப்பித்தான வந்துருக்க?”

“அல்லா மேல சத்தியமா இல்லை. வெடிக்கிறதுக்கே வாங்கல அண்ணாச்சி. கிழிச்சுப் போடத்தான்.”

“ஏலே சிவபாண்டி, கேட்டியாலே? காசு குடுத்து வாங்கிக் கிழிக்கப் போறாளாம்!”

சங்கத்துக் கிளார்க் சிவபாண்டி தலையைத் தூக்கினான். “கிழிக்கலாம் பெரியப்பா. வாங்குனவுக வெடிச்சுத்தான் ஆகணும்னு விதி இல்லை. ஊருக்கு நாப்பது புகை குறையும், நல்லதுதான?”

“ஒன்னையும் கவனிச்சுட்டாளா?”

“ஒரு டீ கூட வாங்கித் தரல.”

பெத்தணன் மீசையைத் தடவினார். பொறி ஒன்று தயாரானது. “சரி தாயி. சங்கத்துப் போர்டுல எழுதிப் போட்ட விலைக்கு மூணு பங்கு. வாங்குன கையோட, இங்கனயே, என் கண்ணு முன்னால கிழிக்கணும். சம்மதமா?”

ராஜபாண்டியன் ஆளாக இருந்தால் இந்த இடத்தில் எழுந்து ஓடியாக வேண்டும்.

“மூணு பங்குன்னா ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்” என்று அவள் போனோடு வாசலுக்குப் போனாள். பெத்தணன் சிவபாண்டியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அரை நிமிசத்தில் திரும்பி வந்தாள். “சரின்னுட்டாக. ஆளு பேச்சு மாறுறதுக்குள்ள முடிச்சுரச் சொன்னாக.”

கேட்ட விலைக்குச் சரி என்றவளிடம் இனி எதைச் சொல்லித் தட்டிக் கழிப்பது? பெத்தணன் மடியை அவிழ்த்தார். சிவபாண்டி சீட்டுக்குச் சீட்டு விற்றதாக முத்திரை குத்தினான். மெகருன்னிசா பணத்தை வைத்தாள். நாற்பதையும் நாலாக, எட்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

பெத்தணன் கூடைக்குள் குனிந்து ஒரு கிழிசலை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்பவாச்சும் நம்புறீகளா அண்ணாச்சி?”

“நம்புறதா? நீ அச்சாபீஸ்காரி. ஒண்ணைக் கிழிச்சுட்டு ஒம்பது அடிச்சுருவ. நாளைக்கு அந்தப் பய பொட்டல்ல வெடிக்கத்தான் போறான்.”

“இந்த நாப்பதை வச்சு இனி எவனும் வெடிக்க முடியாது பெரியப்பா” என்றான் சிவபாண்டி.

“அடப் போலே! எல்லாரும் ஒரே கூட்டு.”

தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை வரைக்கும் அவர் தலை இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே போனது.

மெகருன்னிசா போனை எடுத்தாள்.

“அக்கா, கிழிச்சாச்சு! இனிமே ஒங்க வீட்டுக்காரரு புகைக்குள்ள போய் நிக்க முடியாது.”