முழங்காலோடு நிற்கும் ஜிப்

கடை மூட இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கிறது. உடை மாற்றும் அறையில் மலையேற்றக்காரன் ஒருவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். பையில் ஒளித்துக் கொண்டுவந்த பனி பூட்ஸை மாட்டிக்கொண்டு, அதன் மேலேயே மழைக் கால்சட்டையைப் போட்டுப் பார்க்கிறான். பனியில் பூட்ஸைக் கழற்றி உடை மாற்ற முடியாது. விலை கூடிய கால்சட்டையில் காலின் பக்கவாட்டு ஜிப் கணுக்காலிலிருந்து இடுப்பு வரை திறக்கும். தள்ளுபடியில் கிடைத்த இதில் முழங்காலோடு நின்றுவிடுகிறது. உள்ளே போன பூட்ஸ் வெளியே வர மாட்டேன் என்கிறது. இழுக்க இழுக்கத் துணி சரசரக்கிறது. தலைக்கு மேல் குழல்விளக்கு ரீங்கரிக்கிறது. கண்ணாடியில் வியர்த்த முகம்.

"இன்னும் முடியலையா? கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு நேரம் அலங்காரம் பண்ணிக்கலையே," என்கிறாள் திரைக்கு வெளியே மனைவி.

போன பனிக்காலத்தில் மலைக்குப் போன அவள் தம்பி திரும்பவில்லை. இனிப் பனியில் ஏறுவதில்லை என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னவன் இவன். இந்தக் கால்சட்டையும் மழைக்காலத்துக்கு மட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறான்.

"ஜிப்பு மாட்டிக்கிச்சும்மா. நானே பாத்துக்கறேன்."

"கிழிச்சு வைக்காதீங்க. தள்ளுங்க."

திரை விலகுகிறது. பின்னால் சுவர். அவள் மண்டியிட்டுக் கால்சட்டையின் விளிம்புக்குள் கையை விடுகிறாள். விரல்கள் பூட்ஸின் முனைக்குப் போகின்றன. அங்கே பனியில் வழுக்காமல் ஏற முள்தகடு பூட்டுவதற்கான பள்ளம் இருக்கிறது. தம்பியின் பூட்ஸை ஒவ்வொரு முறையும் துடைத்து வைத்த விரல்கள் அதில் நின்றுவிடுகின்றன. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மழைக்கு எதுக்குங்க இந்த பூட்ஸு?"