சிவப்புப் பட்டை

தினமும் காலையில் மாணவர்களின் மனநிலை காட்டும் கைப்பட்டைகளைப் பார்த்து, துயரத்தின் சிவப்பு எரிந்தால் பள்ளி உளவியலாளரிடம் அனுப்புவது பயிற்சி ஆசிரியர்களான எங்கள் வேலை.

“கசங்குனத அனுப்பு மாப்ள. இஸ்திரி போட்டுத் தருவாங்க,” என்பான் உடன் படிக்கும் செல்வின்.

இன்று இளவேனிலுக்குச் சிவப்பு. அவள் அம்மா இறந்து ஒன்பது நாள்.

“அங்க போயிட்டு வந்தா, அம்மாவ நெனச்சா அழுகையே வராதா சார்?”

மனைவி பிருந்தா இறந்த மறுவாரம் என்னையும் கல்லூரி உளவியலாளரிடம் அனுப்பினார்கள். இப்போது பிருந்தாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். என் கையிலிருந்த பட்டையும் பச்சையாகவே இருந்தது.

“வராது,” என்றேன்.

“அப்ப நான் போகல சார்.”

தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் நெருங்கியது. என் கைக்குட்டையை அவள் மணிக்கட்டில் அவசரமாகச் சுற்றினேன். வெள்ளைத் துணிக்குள்ளும் சிவப்பு எரிந்தது.