பெயர்ப்பலகையின் நிழல்

ஒரு கம்பெனி விழா எடுத்து வேப்பங்கன்று நட்டது. அதன் முன்னால் கன்றைவிடப் பெரிய பெயர்ப்பலகையும் நட்டது. அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்ற யாரும் வரவில்லை.

"உன்னை நட்டவர்கள் பெயரைப் பார், எவ்வளவு பெரிய எழுத்து!" என்றது பலகை.

"எனக்குப் படிக்கத் தெரியாது அக்கா. இந்த வெயிலில் உன் நிழலால்தான் உயிரோடு இருக்கிறேன்."

பலகை முதல்முறையாகத் தன் முதுகுப் பக்கத்தை நினைத்துக்கொண்டது.

ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள்.

"செடி தெரியல சார். பலகையைப் பிடுங்கித் தள்ளி நட்டுடலாமா?" என்றார் படக்காரர்.

கன்று நடுங்கியது. பலகை கால்களை மண்ணில் அழுத்திக்கொண்டது.

"செடி எதுக்குய்யா? நம்ம பேர் தெரியுதில்ல, எடு" என்றார் அதிகாரி.

"மகராசன், நல்லா இருக்கட்டும்" என்றது கன்று.