தராசில் தொங்கிய கணக்கப்பிள்ளை

லோரன்ஸ் கணக்கப்பிள்ளையைத் தராசில் மாட்டுவதற்கு நாலு ஆள் தேவைப்பட்டது.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையின் உத்தரத்தில் அந்தத் தராசு தொங்கியது. ராத்தல் போய்க் கிலோ வந்தபோது தோட்டத்துக்கு வந்தது. அதன் கொக்கியில் சாக்குப் படங்கை ஊஞ்சல் மாதிரிக் கட்டி, அதற்குள் அவரை உட்கார வைத்துத் தூக்கினார்கள். உத்தரம் ஒருமுறை முனகியது. கால்கள் இரண்டும் தரையைவிட்டு மேலே வந்தன.

கூடையோடு வரிசையில் நின்ற பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள்.

எதிரே தோட்டத்து டாக்டர் லியனார்ட் நின்றார். அவர் கையில் தகரப் பெட்டி. பெட்டிக்குள் ஊசி.

டாக்டருக்கு ஊசி மேல் அப்படி ஒரு பிரியம். தலைவலி என்று போனாலும் ஊசி, அட்டை கடித்தது என்று போனாலும் ஊசி. லோரன்ஸுக்கோ ஊசி என்றாலே குலை நடுங்கும். தோட்டத்தில் எல்லோருக்கும் காலரா ஊசி போட்ட அன்று, விடியுமுன்னே மஸ்கெலியா பஸ்ஸில் ஏறி ஓடிப்போனவர் அவர்.

போன மாதம் மேல்மலை ஏறும்போது லோரன்ஸ் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அவரைக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரித் தராசில் ஏற்றினார். முள் நூறைத் தொட்டது. தொட்ட கையோடு தராசின் பலகை படீரென்று இரண்டாகப் போனது.

ஒரு மாதத்தில் தொண்ணூற்றைந்துக்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பைக் கரைக்கத் தினமும் ஒரு ஊசி என்று டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

லோரன்ஸின் மனைவி சிசிலி அன்றைக்கே ரொட்டியை நிறுத்தினாள். காலையில் கொள்ளுத் தண்ணீர், மத்தியானம் கோவா என்கிற முட்டைக்கோஸ் அவித்தது, இரவில் மிச்சமிருந்த கோவா. தேத்தண்ணியில் சீனி கிடையாது.

லோரன்ஸ் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு, எடை குறைய நடக்கப் போகிறேன் என்று சொல்லி, நேராகச் சந்தியிலிருந்த தேத்தண்ணிக் கடைக்கு நடந்தார். அங்கே ரொட்டியும் கட்டச் சம்பலும் அவருக்காகக் காத்திருந்தன. திரும்பி வரும்போது சட்டைப் பையில் பணிஸ் என்கிற இனிப்பு பன் இருந்தது.

ஆகையால் தன் எடை என்னவாக இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அப்படியும் அவர் பயப்படவில்லை. ஆஸ்பத்திரித் தராசுதான் உடைந்துவிட்டதே, மடுவத்தில் நம்ம தராசு இருக்கிறது, அதில் நிறுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் சொன்னதே அவர்தான். அதையும் ஒரு தினுசான சிரிப்போடு சொன்னார்.

வரிசையில் முதல் ஆளாக நின்றவள் பேச்சியம்மா. தலையில் இருக்கும்போது கனக்கிற கூடை தராசில் ஏறியதும் எப்படி இளைத்துப்போகிறது என்று சாயந்திரம் தவறாமல் சண்டை பிடிக்கிறவள். உனக்கு வயசாகிவிட்டது, அதனால்தான் கனக்கிறது என்பார் கொழுந்து நிறுக்கிற லோரன்ஸ்.

இன்றைக்கு அவள் சண்டை பிடிக்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முள் ஆடியது. ஆடி ஆடி நின்றது.

தொண்ணூறு.

பெண்கள் கை தட்டினார்கள். வாசலில் நின்ற சிசிலி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். இத்தனை நாள் கோவா அவித்தது வீண்போகவில்லை என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. படங்குக்குள் இருந்தபடி லோரன்ஸ் கல்யாண மாப்பிள்ளை மாதிரி எல்லோருக்கும் கை கூப்பினார்.

டாக்டர் மட்டும் கை தட்டவில்லை. கிட்ட வந்து லோரன்ஸின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அவர் முகம் மாறிவிட்டது.

"ஒரே மாசத்துல பத்து கிலோவா! கோவா தின்னு யாருக்கும் இப்படி இறங்காது லோரன்ஸ். இது உள்ளுக்குள்ள அரிக்கிற வியாதி. மூணு மாசத்துக்கு விடாம ஊசி போடணும், இப்பவே தொடங்கிருவோம்."

தகரப் பெட்டி திறந்தது. கண்ணாடிக் குழாயில் மருந்து ஏறியது.

லோரன்ஸ் இறங்கப் பார்த்தார். காலுக்குத் தரை எட்டவில்லை. துள்ளினார், படங்கு சுழன்றது. டாக்டர் பின்பக்கமாக வந்தால் லோரன்ஸின் முகம் வந்தது. அவர் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனால் அங்கேயும் முகம்தான் வந்தது. மூன்றாவது சுற்றில் டாக்டர் சரியான இடத்தைப் பிடித்துவிட்டார்.

"ஐயோ, வேணாங்கய்யா! நான் ஒரு கிலோவும் இளைக்கல! தராசு ஸ்பிரிங்க நான்தான் மாத்தி வச்சிருக்கேன், இது பத்துக்கு ஒண்ணு குறைச்சுத்தான் காட்டும்!"

சொல்லி முடித்த பிறகுதான் வரிசையில் ஆட்கள் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

கூடைக்கு ஒரு கிலோ என்றே பழகிப்போன மனிதர், ஒரு முழு ஆளுக்கு எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்க்க மறந்துவிட்டார்.

பேச்சியம்மா தன் கூடையைத் தரையில் இறக்கினாள். பின்னால் நின்றவளும் இறக்கினாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கூடைகளும் தரைக்கு வந்தன.

வியாதி இல்லை என்று டாக்டருக்குப் பெரிய நிம்மதி. ஊசியைப் பெட்டியில் வைக்கப் போனார்.

"இருங்க டாக்டரய்யா, எளைக்காட்டி தெனம் ஒரு ஊசின்னுதானே சொன்னீங்க?" என்றாள் பேச்சியம்மா. "படங்கு சுத்தாம நாங்க புடிச்சுக்கிறோம்."