தொடக் கூடாது

"கையை எடு, மரே!"

கெல்வின் போட்ட சத்தம் அந்தச் சின்ன ஹால் முழுக்கக் கேட்டது. மரே பிடித்திருந்த ட்வீசர் இடுக்கியின் நுனியில், நெவில் செய்த மாடல் லாரியின் சைடு மிரர் இருந்தது. உளுந்து அளவுகூட இல்லாத மிரர்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்பார்களே, அது இதுதான். ஓசைப்படாமல் செல்போனில் படமும் எடுத்துவிட்டிருந்தான் கெல்வின்.

பர்னி ஊர் மாடல் கிளப்பில் சட்டம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். மேஜைமேல் வைத்த அடுத்தவர் மாடலைத் தொடக் கூடாது. போட்டி நடுவர்களே தொட மாட்டார்கள். டார்ச் லைட்டும் பல் டாக்டரின் குட்டிக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து பார்ப்பார்கள். மாதக்கணக்கில் ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் வண்டி. ஒரு விரல் பட்டால் போச்சு.

தொட்டவன் யார்? வருஷா வருஷம் முதல் பரிசு வாங்கும் மரே. தொட்டது யாருடையதை? வருஷா வருஷம் இரண்டாம் பரிசு வாங்கும் நெவிலுடையதை. எப்போதும் சட்டம் பேசுகிற கெல்வினுக்கு இப்படி ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டால் கேட்க வேண்டுமா?

ஒன்பது மணிக்கு எல்லாரும் கூடினார்கள். நெவிலும் நனைந்த கோட்டோடு உள்ளே வந்தார். முப்பது வருஷம் மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்ந்த மனுஷர். தான் ஓட்டிய வண்டிகளைத்தான் மாடலாகச் செய்வார். குளிரோ வெயிலோ, கை இரண்டும் கோட்டுப் பைக்குள்தான் இருக்கும். டீ கொடுத்தால் அரைக் கப்புக்கு மேல் ஊற்ற விடமாட்டார்.

கிளப் தலைவி டெஸ்லி படத்தைப் பார்த்தாள். முகம் சுருங்கிப் போயிற்று.

"மரே, தொட்டியா?"

"தொட்டேன்."

"எதுக்கு?"

"தூசி தட்டினேன்னு சொல்லுவான் பாருங்க," என்றான் கெல்வின்.

மரே நெவிலைப் பார்த்தான். நெவில் தரையைப் பார்த்தார்.

"உடைக்கத்தான்," என்றான் மரே. "இந்தத் தடவை அந்த லாரி என் காரைவிட நல்லா வந்திருக்கு. பொறுக்கல."



"பதினாறு வருஷம் ஒரே மேஜையில உக்காந்து பிஸ்கட் தின்னிருக்கோம்," என்றாள் டெஸ்லி. "சீ! சாவியை வச்சிட்டுப் போ."

கிளப் செயலாளர் என்ற முறையில் ஹாலைத் திறப்பது இத்தனை நாளும் மரேதான். சாவியை மேஜைமேல் வைத்தான். தன் காரைப் பெட்டிக்குள் இறக்கி, அதைச் சுற்றிப் பழைய துணியைத் திணித்தான். கை நடுங்காமல் நிதானமாகத்தான் செய்தான். பார்க்கத்தான் சகிக்கவில்லை.

"விடுங்க, போகட்டும். எனக்கு அவன்மேல கோபமில்ல," என்றார் நெவில்.

"என்ன பெரிய மனசு பாத்தீங்களா!" என்று டெஸ்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று கோப்பை நெவிலுக்கு. சாவியும் செயலாளர் பதவியும் கெல்வினுக்கு.

மனைவி செத்த பிறகு மரேவுக்கு இருந்த ஒரே போக்கிடம் அந்த ஹால். அதுவும் போயிற்று. இரண்டு மாதத்தில் அவனுடைய பிரிக்காத மாடல் பெட்டிகள் நாற்பதும், பிறர் தானமாகத் தரும் பொருளை விற்கும் தர்மக் கடையின் அலமாரிக்கு வந்துவிட்டன. மாடல் செய்கிறவன் பிரிக்காத பெட்டியைக் கொடுக்கிறான் என்றால், இனி மாடல் செய்ய உட்காரப் போவதில்லை என்று அர்த்தம். கெல்வினே அதில் இரண்டு வாங்கினான். நல்ல மாடல்கள்.

அடுத்த போட்டி ஜூலையில். கடலிலிருந்து ஓயாத மழை. காலை எட்டு மணிக்குக் கெல்வின் கதவைத் திறந்தபோது, நெவில் வாசலில் அட்டைப் பெட்டியோடு நின்றார்.

"என்ன இவ்வளவு சீக்கிரம்?"

"எப்பவும் எட்டு மணிதானே."

லாரியை மேஜைமேல் வைத்தார். ஒரு பக்கம் சைடு மிரர் இல்லை. வைப்பர் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு மிட்டாய் டப்பாவையும் வைத்தார். அதற்குள் மிரர், ஒரு சின்னப் பசைக் குப்பி, ஒரு ட்வீசர்.

"மத்தவங்க ஒன்பதுக்குத்தான் வருவாங்க. நான் வெளிய போய் ஒரு நடை நடந்துட்டு வரேன்," என்றார்.

"எதுக்கு இதெல்லாம்? எனக்குப் புரியல."

நெவில் கைகளைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். காற்றில் துணி ஆடுவதுபோல் ஆடின.

"அஞ்சு வருஷமா இப்படி. காலையில மாத்திரை போட்டா நடுக்கம் ரெண்டு மணி நேரம் நிக்கும். அதுக்குள்ள பெரிய பார்ட்டையெல்லாம் ஒட்டிடுவேன். சின்னது முடியாது. டப்பாவை வச்சிட்டு நான் வெளிய போயிடுவேன், மரே ஒட்டிடுவான். ஒரு நாளும் இதைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கிட்டதில்ல."

கெல்வின் டப்பாவைப் பார்த்தான். அன்று ட்வீசர் நுனியில் இருந்த அந்த மிரர் இப்போதும் கண்ணுக்குள் நின்றது. அதை மரே பிடுங்கவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப அன்னிக்கு... அவனை எல்லாரும் காறித் துப்பாத குறையா நின்னப்போ, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

நெவில் கைகளை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். பதினோரு வருஷமா ரெண்டாவதாவே நின்னுட்டேன், கெல்வின். அன்னிக்குத்தான் அந்தக் கோப்பை என் பக்கம் வந்துச்சு."